பெங்கால் பூனை

ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைத்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வளர்ப்பினம் பெங்கால் பூனை. நீண்ட உடல், திரண்ட தசை, குட்டையான அடர்ந்த மயிர் ஆகியவை இதன் அடையாளங்கள். நடுவில் நிறம் வெளிறி ஓரம் கருத்த புள்ளிகளோ பளிங்குக் கோலம் போன்ற வரிகளோ உடலில் படர்ந்திருக்கும். பலவற்றின் மயிர் வெயிலில் பொன்துகள் தூவியதுபோல் மின்னும். எடை பொதுவாக 4 முதல் 7 கிலோ. பெண் பூனைகள் சற்றுச் சிறியவை.

மூதாதையான சிறுத்தைப்பூனை இமயம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரையிலும், கிழக்கே தென்கிழக்காசியா, ரஷ்யாவின் தூரக்கிழக்கு வரையிலும் பரவியிருக்கிறது. வீட்டுப் பூனையளவே இருக்கும் இது தனித்துத் திரியும். பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். மரமேறவும் நீந்தவும் வல்லது. மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும்.

பெங்கால் பூனை இனத்தை நிலைநிறுத்தியவர் ஜீன் மில். 1960களின் தொடக்கத்தில் அவர் வளர்த்த பெண் சிறுத்தைப்பூனை ஒன்று கருப்பு வீட்டுப் பூனையுடன் கூடிக் குட்டி ஈன்றது. பின்னர் முயற்சி பல ஆண்டுகள் தடைப்பட்டது. அதற்கிடையே கலிஃபோர்னியாவில் வில்லார்டு சென்டர்வால் என்ற ஆய்வாளர், பூனைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய் வைரஸுக்குச் சிறுத்தைப்பூனையிடம் எதிர்ப்பாற்றல் உண்டா என்று அறியக் கலப்பினக் குட்டிகளை வளர்த்துவந்தார். ஆய்வு முடிந்த குட்டிகள் 1980இல் ஜீன் மில்லிடம் வந்தன. முதல் சில தலைமுறைகளில் ஆண்கள் மலடாகவே பிறக்கும் என்பதால் வெளியிலிருந்து ஆண் பூனை தேவைப்பட்டது. டெல்லி உயிரியல் பூங்காவின் காண்டாமிருக அடைப்பில் திரிந்த, செம்பொன் நிறத்தில் புள்ளியிட்ட தெருப்பூனை ஒன்றை அவர் வரவழைத்தார். இன்றைய பெங்கால் பூனைகள் பலவற்றின் பளபளப்பு அந்த டெல்லிப் பூனையின் வழி வந்தது. டிக்கா எனப்படும் சர்வதேசப் பூனைச் சங்கம் 1991இல் இவ்வினத்துக்கு முழுப் போட்டித் தகுதி அளித்தது.

2024இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று பலருடைய எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. இன்றைய பெங்கால் பூனையின் மரபணுத்தொகுதியில் சிறுத்தைப்பூனையின் பங்கு சராசரியாக 3.5 விழுக்காடு மட்டுமே. காட்டழகு என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, வீட்டுப் பூனைகளிடம் ஏற்கெனவே இருந்த மரபணுக்களை வளர்ப்போர் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதால் வந்தது. ஆனால் இந்தக் கணக்கு பல தலைமுறை கடந்த பூனைகளுக்கே பொருந்தும். சிறுத்தைப்பூனைக்கு நேரே பிறந்த முதல் தலைமுறைக் குட்டி பாதிக் காட்டுயிர். அந்நியரைக் கண்டால் ஒளியும், சிறுநீர் தெளித்து எல்லை குறிக்கும். அதை வீட்டுப் பிராணியாக விற்பது அந்த உயிருக்கே செய்யும் அநியாயம்.

நான்காம் தலைமுறைக்குப் பிந்திய பூனை மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் வீட்டின் அன்றாட ஒழுங்கு மாறத்தான் வேண்டும். பீரோ மேலும் கதவின் மேல்விளிம்பிலும் ஏறும். தாழ்ப்பாளை நெம்பித் திறக்கப் பழகிவிடும். சொட்டும் குழாயடியில் நேரம் போவது தெரியாமல் விளையாடும். கேட்டது கிடைக்காவிட்டால் உரக்கக் கத்தும். காலையும் மாலையும் யாராவது உட்கார்ந்து அதை ஓடவும் பாயவும் வைத்தாக வேண்டும். சுவரில் படிப்படியாகப் பலகைகள், நகம் கீற உறுதியான தூண், உணவை ஒளித்துவைத்துத் தேடவிடும் விளையாட்டு ஆகியவை இன்றியமையாதவை. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலையடிக்க வேண்டும். மார்புப் பட்டை அணிந்து நடக்க விரைவில் கற்றுக்கொள்ளும். மீன்தொட்டியோ கிளிக்கூண்டோ உள்ள வீட்டில் இதை வளர்ப்பது ஆபத்து. வயதான, அமைதியான பூனைக்கும் இது ஓயாத தொல்லை. ஒத்த வேகமுள்ள துணையே பொருந்தும். பகல் முழுதும் தனியே அடைபட்டால் பொருள்களைக் கிழிப்பதும், மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பதும் தொடங்கும். பூனையின் குணக்கேடு என்று சொல்லிப் பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அது வேலையில்லாத உடலின் தவிப்பு.

பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரைச் சிதைவும், சிவப்பணுக்களைச் சிதைக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாடும் இவ்வினத்தில் பரம்பரையாக வருபவை. இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. இதயத்தசைத் தடிப்புக்கு அப்படி நம்பத்தகுந்த சோதனை இல்லாததால், பெற்றோர் பூனைகளின் இதய ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இந்தியாவில் சிறுத்தைப்பூனை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஹவாயில் பெங்கால் பூனை வளர்க்கத் தடை உண்டு. வீட்டைவிட்டு வெளியேறிய பூனைகளால் தன் மண்ணுக்கேயுரிய சிறு பாலூட்டிகளையும் பறவைகளையும் பெருமளவில் இழந்த ஆஸ்திரேலியா, 2025 மார்ச் முதல் இவ்வினத்தின் இறக்குமதியை நிறுத்தியிருக்கிறது.