தாயம் விழாமல் இறங்கிய காய்

கடந்த மே மாதக் கடைசியில், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம், தம்பி சென்னையிலிருந்து குடும்பத்தோடு இலத்தூருக்கு வந்திருந்தான். அவன் மகளுக்கு எட்டு வயது. அவள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். டேப்லட்டைத் தரையில் கிடத்தினால் அதன் திரையே தாயக்கட்டமாகிவிடும். காய்கள் நிஜக் காய்கள். திரையின் மேல் அவற்றைக் கையால்தான் நகர்த்த வேண்டும். பகடையைச் செயலி உருட்டும், கணக்கையும் அதுவே வைத்துக்கொள்ளும்.

அம்மா ஆர்வமாகத்தான் உட்கார்ந்தார். எழுபத்தைந்து வயதில் முழங்கால் மடங்காது. சுவரில் சாய்ந்துகொண்டு ஆடினார். தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம். நாலு சுற்று போயும் அவளுக்குத் தாயம் விழவில்லை. அம்மா அவள் காயை எடுத்துக் கட்டத்தில் வைத்தார். “மாசமா இருக்கவளுக்குத் தாயம் வேண்டாம்ட்டி. நீ எறங்கு.”

திரை சிவந்தது. காய் மறுக்கப்பட்டது.

“ஆச்சி, அது ஒத்துக்காது” என்றாள் குழந்தை.

அம்மா மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. “சரி, நீங்க ஆடுங்க. நான் அடுப்பப் பாக்கேன்” என்று சுவரைப் பிடித்து எழுந்துபோனார். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்த விதி அம்மாவின் அம்மாவிடமிருந்து வந்தது. பிள்ளைத்தாய்ச்சியைக் காக்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆனால் அம்மா எழுந்துபோனது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விளையாட்டின் விதியைச் சொல்வது யார்? அந்தக் கேள்வியோடு பின்னால் போய்ப் பார்த்தேன்.

புறநானூற்றின் 52ஆம் பாடலில் ஒரு பாழடைந்த அம்பலம் வருகிறது. ஊர் முதியவர்கள் அங்கே வல்லு ஆடுவார்கள். காய்களை வைத்து வைத்துத் தரையில் குழி விழுந்திருக்கிறது. ஊர் அழிந்தபின் அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பெண்கள் பொன்னாலான கழங்கு ஆடுகிறார்கள். ஆடும் இடம் மணல். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பொது இடத்தில் உட்கார்ந்து ஆடியவர்களின் விளையாட்டு தரையில் தடமாக நின்றது. மணலில் ஆடியவர்களின் விளையாட்டை அடுத்த காற்று அழித்தது. கோயில் மண்டபத் தளக்கற்களில் ஆடுபுலிக் கட்டங்கள் செதுக்கியிருப்பதை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். வீட்டுக்குள் சுண்ணாம்பால் கீறிய தாயக்கட்டத்தைச் சாயங்காலம் கழுவிவிட்டுத்தான் விளக்கேற்றினார்கள். கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றை உருட்டியது யார் கை என்பதை மண் சொல்வதில்லை.

பெண்களின் ஆட்டத்துக்கு இருந்த ஒரே சேமிப்பு வாய்மொழி. பல்லாங்குழிக்கு 14 குழி என்பது மட்டும்தான் பொது. குழிக்கு ஐந்து முத்தா ஆறா, எத்தனை சேர்ந்தால் ‘பசு’, வெறுங்குழியைத் தடவி எடுப்பது எப்படி என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். மருமகள் வந்தால் பிறந்த வீட்டு விதியும் கூடவே வரும். எந்த விதி நிற்கும் என்பது மத்தியான நேரத்தில் பேசித் தீரும். சொந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாத பெண்கள் வாதாடி வென்ற இடம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது சீதைப்பாண்டி. தனியாக ஆடுவது. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். ஏழு குழி, முதல் குழியில் ஏழு முத்து, அடுத்ததில் ஆறு, பிறகு ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் 28. ஏழையும் அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவந்தால் கடைசி முத்து அள்ளிய குழியிலேயே விழும். இப்போது பார்த்தால் அதே வரிசை ஒரு குழி தள்ளி நிற்கும். ஏழு முறை ஆடினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். வெற்றி இல்லை, தோல்வி இல்லை, முடிவும் இல்லை. ‘தூரமாக’ இருக்கும் மூன்று நாளும் வீட்டுப் பலகையைத் தொடக்கூடாது என்பதால், அம்மா தொழுவத்துக்குப் பக்கத்தில் மண்ணில் குழி பறித்து இதை ஆடுவார். அடைபட்டவளுக்கு என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து அதற்குச் சீதை பெயரை வைத்தவள் யாரோ, அவளுக்குக் கணக்கும் தெரிந்திருந்தது, சிறையும் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் பல்லாங்குழி இருந்த இடத்துக்குப் பீடித்தட்டு வந்தது. அம்மா நாற்பது ஆண்டு பீடி சுற்றினார். நாளைக்கு 1000 என்றால் 25 வைத்து நாற்பது கட்டு. சோழி எண்ணிய அதே விரல்கள். கடையில் கழித்தது போக மிஞ்சியதற்குத்தான் கூலி. மடியில் தட்டு இருக்கும்போது எதிரில் பலகை வைக்க முடியாது. விளையாட்டு போனதற்குத் தொலைக்காட்சியைக் குறை சொல்பவர்கள் இந்தத் தட்டைப் பார்ப்பதில்லை. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். செய்யும் ஆண்கள் செலவிடுவது 97. ‘குடும்ப விளையாட்டு’ என்று பெட்டியில் அச்சிடும்போது அந்தக் குடும்பத்தில் யாருக்கு உட்கார நேரம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல்லாங்குழியை அப்படியே விட்டுவிட்டு உலையைப் பார்த்து வரலாம். முத்து குழியில் காத்திருக்கும். நம்முடைய பழைய ஆட்டங்கள் இடையில் எழுந்துபோகிறவளை மனதில் வைத்தே பிழைத்திருக்கின்றன.

விதியைப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்வது டேப்லட்டோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்ற பொருளில் ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தைக் குவிப்பவன் மற்றவர்களை எப்படி ஓட்டாண்டி ஆக்குகிறான் என்று காட்டுவதே அவர் நோக்கம். பின்னாளில் அதற்கு இரண்டு விதித்தொகுப்புகள் இருந்தன. ஒன்றில் ஒருவர் மற்றவர்களை விழுங்கி வெல்வார். மற்றொன்றில் வளம் வந்தால் எல்லோருக்கும் பங்கு. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. விழுங்கும் விதி ‘மோனோப்பொலி’ ஆனது. கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்ற ஆண் என்றே உலகம் நம்பியது. 1970களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் ஒரு வழக்குக்காகத் தேடப்போய்த்தான் மேகியின் பெயர் வெளியே வந்தது. 2012இல் அதே விளையாட்டு ஐபேடோடு இணைந்து வந்தபோது வங்கிக் கணக்கைச் செயலி ஏற்றுக்கொண்டது.

நம் பச்சீசியின் கதையும் தூரமில்லை. அதிலிருந்து எடுத்த ஆட்டம் 1896இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. 2016இல் நவி மும்பை நிறுவனம் ஒன்று ‘லூடோ கிங்’ என்று அதைச் செயலியாக்கியது. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு அதுதான். பெங்களூரின் பிளேஷிஃபு போன்ற நிறுவனங்கள் டேப்லட் மேலேயே நிஜ உருவங்களை வைத்து ஆடும் தொகுப்புகளைச் செய்கின்றன. இன்னொரு பக்கம், சென்னையில் ‘கிரீடா’வைத் தொடங்கிய வினிதா சித்தார்த்தா, திரை இல்லாமலே பல்லாங்குழியையும் தாயத்தையும் மறுபடி வீடுகளுக்குக் கொண்டுவந்தார்.

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுவயதில் சித்தப்பா மகன் சோழியைத் திருப்பிப் போட்டு எத்தனை முறை என்னை ஏமாற்றினான் என்று எனக்குத் தெரியும். “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்” என்று என்னைத்தான் அடக்கினார்கள். கள்ளாட்டம் ஒத்துக்கொள்ளாத ஒரு திரை அன்று இருந்திருந்தால் நான் அதைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

வீட்டு விதி எல்லாம் அன்பால் ஆனது என்றும் சொல்ல மாட்டேன். என் வளைகாப்பு நாளில், கணவனை இழந்த அத்தையை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் தூணோரம் உட்கார்ந்து எங்களுக்குத் தாயம் எண்ணிச் சொன்னார். அதுவும் ஆச்சியின் விதிதான். அதை மாற்றியவர் அம்மா. அடுத்த விசேஷத்தில் அத்தையின் கையில் கட்டையைக் கொடுத்து “நீங்க மொதல்ல போடுங்க மதினி” என்றார். முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுவே விதி. வாயில் இருந்த விதியை இன்னொரு வாயால் மாற்ற முடிந்தது. சிவந்த திரையிடம் அம்மா யாரோடு வாதாடுவார்?

செயலி செய்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘எங்கள் வீட்டு விதி’ என்று ஒரு பொத்தான். அந்த விதியைச் சொன்னவர் பெயரை எழுத ஓர் இடம்.

மறுநாள் மத்தியானம் அம்மா தரையில் கட்டம் கீறினார். தம்பி மனைவியின் காய் தாயம் விழாமலே இறங்கியது. குழந்தை தன் நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்தில் ‘ஆச்சி விதிகள், இலத்தூர்’ என்று எழுதி, அடியில் அம்மாவின் முழுப் பெயரையும் எழுதினாள். ஒன்று முதல் ஒன்பது வரை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாவது முடிந்ததும் அம்மா கேட்டார்: “எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாதோ?”

“பென்சில்லதான் எழுதியிருக்கேன் ஆச்சி.”

அம்மா கட்டையை உருட்டினார்.