ஓர் அச்சுப்பொறியும் பல முறைமைகளும்

வெவ்வேறு பணிசெயல் முறைமைகளைக் கொண்ட கணினிகள் ஒரே அச்சுப்பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தல் இன்று எவருக்கும் வியப்பளிப்பதன்று. ஆயின், ஒரே வலையமைப்பிற் பிணைக்கப்பட்டிருந்தும், யுனிக்ஸ் கணினிக்குரிய அச்சுப்பொறியை அயல் மேசையிலிருந்த மைக்ரோசொப்ட் முறைமைக் கணினி எளிதில் அணுகமாட்டாத காலம் ஒன்றிருந்தது. கம்பி இருந்தது, பொதுமொழி இருக்கவில்லை.

யுனிக்ஸ் மரபில், பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த எல்.பி.டி. என்னும் முறை வழங்கிற்று. அச்சிடவேண்டிய கோப்புக்களை வரிசைப்படுத்திப் பொறிக்கு அனுப்புவதே அதன் தொழில். 1990ஆம் ஆண்டில் அதன் நெறி ஆவணமாக வெளிவந்தமையால் எவரும் அதனைக் கற்கலாயினர். மேசைக் கணினிகளோ ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றி மைக்ரோசொப்டினால் விரிக்கப்பட்ட எஸ்.எம்.பி. நெறியைப் பின்பற்றின. அவ்விரிவுகள் பல வெளியார்க்கு விளக்கப்படவில்லை.

இத்தடை நீங்கிய வரலாறு கன்பராவில் தொடங்குகின்றது. 1991 டிசெம்பரில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த அன்ட்று ற்றிஜெல் என்பார், யுனிக்ஸ் கணினியின் வட்டிலிருந்த கோப்புக்களைத் தம் மேசைக் கணினியிற் காண விழைந்தார். அச்சுப்பொறி அவர் கருத்தில் அன்று இருக்கவில்லை. வலையமைப்புச் செய்நிரல் எதனையும் அவர் முன்னர் எழுதியவருமல்லர். நெறியை விளக்கும் ஆவணம் இன்மையின், இரு கணினிகளிடையே சென்று மீண்ட செய்திகளை இடைநின்று நோக்கி, எவ்வினாவுக்கு எவ்விடை வருகின்றதென ஊகித்தறிந்தார். பெரியோர் பேச்சைக் கேட்டே குழந்தை மொழி கற்கும் முறையும் இதுவன்றோ! 1992 சனவரியில் அச்செய்நிரலை யாவர்க்கும் வழங்கினார். பின்னர் அதற்குப் பெயர் வேண்டியபோது, எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் முறையே வரும் சொல்லைக் கணினியின் சொற்பட்டியலில் தேடிச் 'சம்பா' எனப் பெயரிட்டனர். தமிழர் செவிக்கு இது நெல்லின் பெயராய் ஒலிப்பது தற்செயலே.

சம்பா அச்சுப்பணியையும் ஏற்றது. யுனிக்ஸ் கணினியிலிருந்தே அது விண்டோஸ் கணினிபோலத் தோற்றமளிக்கும். பயன்படுத்துவோர் கணினி, பக்கத்தை அச்சுப்பொறிக்குரிய வடிவில் ஆக்கி அனுப்ப, சம்பா அதனைப் பெற்று யுனிக்சின் வரிசையிற் சேர்க்கும். இரு சாராரும் தத்தம் வழக்கத்தை மாற்றவேண்டியதில்லை. இம்முறையின் நுட்பம் இதுவே.

எனினும், ஊகித்தறிந்த அறிவு நெடுங்காலம் போதியதாயிற்றன்று. நெறிகளை மறைத்துவைத்தல் தகுமா என்னும் வினா ஐரோப்பாவில் வழக்காயிற்று. மைக்ரோசொப்ட் அவற்றை வெளியிடல் வேண்டுமென 2004இல் ஐரோப்பிய ஆணையம் பணித்தது. 2007 செப்டெம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில், 10,000 யூரோ செலுத்தி, சம்பாக் குழுவினர்க்கு ஆவணங்கள் கிட்டின. ஒருவர் தனித்திருந்து செய்திகளை உற்றுநோக்கிப் பதினாறாண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே 1999இல், இணையவழி அச்சிடலுக்குரிய ஐ.பி.பி. என்னும் பொதுநெறி வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு மைக்கேல் சுவீற் ஆக்கிய கப்ஸ் என்னும் தொகுதியை 2002இல் அப்பிள் நிறுவனமும் ஏற்றது. 2010இல் அந்நிறுவனம் கைப்பேசிக்கென அளித்த எயார்பிறின்ற் முறையும் அந்நெறியின் வழியதே. அந்நெறியறிந்த புதிய பொறிகளுக்கு இடைநின்று மொழிபெயர்ப்பார் தேவையில்லை. பழைய பொறியை வைத்திருப்போர்க்கோ சம்பா இன்றும் துணைநிற்கின்றது.