தில்லிக் காற்றும் நாகர்கோவில் தொகுதியும்

பொதுத் தேர்தலொன்றில் பல நூறு தொகுதிகள் உளவாயினும், அவற்றுள் யாதானும் ஒன்றன் முடிவைக் கண்ட அளவிலேயே நாடு முழுவதன் முடிவையும் உணர்ந்துகொள்ளலாகாதா என்று விழைதல் மக்கள் இயல்பு. அத்தகைய தொகுதியை ஆங்கிலேயர், மந்தையின் முன்னே கழுத்தில் மணி கட்டிச் செல்லும் கிடாவின் பெயரால் வழங்குவர். மணியோசை கேட்குந் திசையில் மந்தை செல்கின்றது என்பது கருத்து. வாக்காளரை ஆட்டு மந்தையாக்கும் இவ்வுவமை எமக்கு உவப்பன்று. கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் வேறு வேறு பெயரிட்டு அறிந்த தமிழருக்கு, காற்றின் திசையைக் காட்டும் பாய்மரக் கொடி என்று சொல்லுதலே பொருந்தும். குளச்சற் கரையில் வாழும் நமக்கு அதனை விளக்கவும் வேண்டுவதில்லை.

நம் சங்கக் கூட்டங்களில் ஒரு பெருமை அடிக்கடி பேசப்படுகின்றது. நாகர்கோவில் தொகுதியில், அதாவது 2009ஆம் ஆண்டு முதல் கன்னியாகுமரி என்னும் பெயர் பூண்ட தொகுதியில், எக்கட்சி வெல்லுமோ அக்கட்சியே தில்லியை ஆளும் என்பது அது. இதன் உண்மை எத்துணை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெருமை பேசுதல் எளிது. ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தலே வரலாறாம்.

முதற் பொதுத் தேர்தல் 1951-52இல் நிகழ்ந்தது. அற்றை நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தன. நாடெங்கும் காங்கிரஸ் காற்று வீசிற்று. நேருவின் கட்சி 364 இடங்களைக் கைப்பற்றியது. ஆயினும் நாகர்கோவிலில் வென்றவர் காங்கிரஸ் அபேட்சகர் அல்லர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் மார்ஷல் நேசமணி அவர்களே. அக்கட்சி தில்லியை ஆளப் பிறந்த கட்சியன்று. தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்தல் வேண்டும் என்னும் ஒரே குறிக்கோளுக்காக எழுந்தது அது. ஆகவே நம் தொகுதி தன் முதல் வாக்கையே தில்லிக் காற்றுக்கு எதிராக அளித்தது என்க.

அக்குறிக்கோளுக்கு நம் மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், பட்டம் தாணுப் பிள்ளையின் மந்திரி சபை நடந்த காலத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1ஆம் நாள் நான்கு தாலுகாக்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. குறிக்கோள் நிறைவேறியபின் தமிழ்நாடு காங்கிரஸ் இந்திய தேசியக் காங்கிரஸிற் கலந்தது. 1957இல் தாணுலிங்க நாடாரும், 1962இலும் 1967இலும் நேசமணி அவர்களும் காங்கிரஸின் சார்பில் வென்றனர். 1957இல் நம் குளச்சல் சட்டசபைத் தொகுதி லூர்தம்மாள் சைமன் அம்மையாரை அனுப்ப, காமராஜர் அவரைத் தம் மந்திரி சபையில் உள்ளாட்சித் துறை மந்திரியாக்கினார் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

இம்மூன்று தேர்தல்களுள் 1967ஆம் ஆண்டுத் தேர்தலை உற்று நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு சென்னை இராச்சியத்தில் காங்கிரஸ் வேரோடு சாய்ந்தது. காமராஜர் தம் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசன் என்பாரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இராச்சியத்தின் 39 பாராளுமன்ற இடங்களில் காங்கிரஸுக்குக் கிட்டியவை மூன்றே. அம்மூன்றுள் ஒன்று நாகர்கோவில். தில்லியிலோ இந்திரா காந்தியின் காங்கிரஸ் ஆட்சி தொடர்ந்தது. நம் தொகுதி சென்னையைப் பின்பற்றாது தில்லியைப் பின்பற்றிய முதற் சந்தர்ப்பம் இதுவே.

1968இல் நேசமணி அவர்கள் காலமாயினர். 1969 ஜனவரியில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். எதிர்த்து நின்றவர் சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ். அவருக்குப் பின்னே தி.மு.க. அரசின் முழு வலிமையும் நின்றது. காமராஜர் 1,25,000க்கு மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். சொந்த ஊர் கைவிட்டவரைத் தென்கோடி கைதூக்கி நிறுத்தியது. சாதி அபிமானமே இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். விருதுநகரிலும் நம்மவர் பெருந்தொகையினர் அன்றோ? அங்கே அவ்வபிமானம் எங்கே போயிற்று என்பதை அவர்கள் விளக்குவதில்லை. நான்கு தாலுகாக்களும் தாயகத்தோடு சேர்ந்த நாளில் முதல் மந்திரியாய் இருந்தவர் காமராஜர் என்னும் நன்றியுணர்வையும், அணைகளும் பள்ளிகளும் தந்த நினைவையும் கணக்கிற் கொள்ளாது சாதியொன்றையே கணக்கிடுவது நம்மை நாமே குறைத்துக்கொள்ளுதலாகும்.

அவ்வாண்டு இறுதியிலேயே காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. 1971இல் இந்திரா காந்தி 352 இடங்களோடு தில்லியைக் கைப்பற்றினார். தமிழ்நாட்டிலோ அவருடன் சேர்ந்த தி.மு.க. அணி 39இல் 38ஐ வாரிக்கொண்டது. எஞ்சிய ஒன்று நாகர்கோவில். பழைய காங்கிரஸின் காமராஜர்க்கு உரியதாயிற்று. தில்லிக் காற்று ஒருபுறமும் சென்னைக் காற்று அதனோடு சேர்ந்தும் வீசிய நாளில் தனித்து நின்ற பெருமை இது. இதனைத் தோல்வியென்று எண்ணுவோர் உளர். எம் கருத்தில், இத்தொகுதியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஆண்டு வேறில்லை.

1977இல் மற்றொரு வியப்பு. நெருக்கடி நிலையை ஏற்காத வடநாடு இந்திரா காந்தியைக் கவிழ்த்து ஜனதாக் கட்சியை அரியணை ஏற்றிற்று. தமிழ்நாடோ அ.தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்த காங்கிரஸையே பெரும்பான்மையாகத் தேர்ந்தது. நாகர்கோவிலோ, பழைய காங்கிரஸிலிருந்து ஜனதா அணியில் நின்ற குமரி அனந்தன் அவர்களைத் தேர்ந்து வடநாட்டோடு ஒத்து நின்றது. மாநிலத்தின் பெரும்பகுதி ஒரு திசையிற் பாயைத் திருப்ப, மாநிலத்தின் கடைக்கோடி மற்றொரு திசையில் திருப்பிய காட்சி இது.

அதன்பின் 1980 முதல் 1998 முடிய ஆறு தேர்தல்களில் டென்னிஸ் அவர்களே வென்றார். முதல் நான்கும் காங்கிரஸின் சார்பில், பின் இரண்டும் தமிழ் மாநிலக் காங்கிரஸின் சார்பில். இவற்றை விரிவாகக் கூற வேண்டுவதில்லை. 1980, 1984, 1991 ஆகிய மூன்றிலும் தில்லியில் காங்கிரஸ் ஆட்சி. 1996இல் த.மா.கா. ஐக்கிய முன்னணி மந்திரி சபையில் இடம் பெற்றது. 1989இல் மாநிலத்தோடு சேர்ந்து காங்கிரஸுக்கு வாக்களித்தோம், தில்லியில் வி.பி. சிங் அமர்ந்தார். 1998இலோ தில்லியில் வாஜ்பாய், தமிழ்நாட்டில் அ.தி.மு.க. அணிக்கு 30 இடங்கள். நாகர்கோவில் இரண்டுக்கும் புறம்பாய் நின்றது. 1971ஐப் போன்ற தனிமை, ஆயினும் அதன் ஒளி இதற்கில்லை.

1999இல் பாரதிய ஜனதாவின் பொன். இராதாகிருஷ்ணன் வென்று மத்திய மந்திரியானார். 2004இல் மார்க்ஸிஸ்டுக் கட்சியின் பெல்லார்மின் வென்றார். இடதுசாரிகள் மந்திரி பதவி ஏற்காது வெளியே நின்று மன்மோகன் சிங் அரசை 2008 வரை தாங்கினர். 2009இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் அம்மையார். அக்கட்சி மத்திய அரசிற் பங்கு கொண்டது. 2014இல் மீண்டும் பொன். இராதாகிருஷ்ணன். 2019இல் காங்கிரஸின் வசந்தகுமார். அவர் 2020 ஆகஸ்டில் மறைந்தபின் 2021 இடைத்தேர்தலிலும், 2024 பொதுத் தேர்தலிலும் அவர் மகனார் விஜய் வசந்த்.

இனி எண்ணுவோம். 2024 முடிய நடந்த பொதுத் தேர்தல்கள் 18. அவற்றுள் தில்லியோடு ஒத்துப் போனவை, 2004ஐ வெளியாதரவு என்னும் அளவிற் சேர்த்துக்கொண்டால், 12. மாறுபட்டவை 1952, 1971, 1989, 1998, 2019, 2024 என ஆறு. ஆகவே கூட்டங்களிற் பேசப்படும் பெருமை மூன்றில் இரண்டு பங்கு உண்மை, ஒரு பங்கு உயர்வு நவிற்சி.

குஜராத்தின் தென்பகுதியிலுள்ள வல்சாடு என்னும் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதி இவ்வகையில் நம்மினும் முந்தியது. 1977 முதல் அங்கே ஜனதா வென்றபோது தில்லியில் ஜனதா. காங்கிரஸ் வென்றபோது காங்கிரஸ். 1989இல் ஜனதா தளம். பாரதிய ஜனதா வென்றபோது பாரதிய ஜனதா. 1996இல் மட்டும் வாஜ்பாயின் ஆட்சி 13 நாளோடு முடிந்தமையின் கணக்குச் சற்றே இடறும். இத்தகைய புகழ் நிலையானது என்று எண்ணவும் வேண்டா. அமெரிக்க நாட்டில் மெயின் மாநிலம் எவ்வழியோ நாடு அவ்வழி என்று நெடுங்காலம் பழமொழிபோற் சொல்லி வந்தனர். 1936இல் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றபோது, அவரைக் கைவிட்ட இரண்டனுள் மெயினும் ஒன்றாயிற்று. பழமொழி அன்றோடு நகைமொழியாயிற்று.

நம் தொகுதி தில்லியை ஒட்டிச் செல்வதற்குக் காரணம் யாது? தெய்வ சங்கற்பம் என்பாரும், நம் இனத்தாரின் கூர்த்த மதி என்பாரும் உளர். காரணம் எளிதே. தமிழ்நாட்டின் ஏனைய பகுதிகளில் போட்டி பெரும்பாலும் இரு திராவிடக் கட்சிகளிடையே நிகழ்வது. அங்கே அகில இந்தியக் கட்சிகள் தோளில் ஏறி வருவன. இங்கோ அகில இந்தியக் கட்சிகளே நேருக்கு நேர் பொருதுகின்றன. அ.தி.மு.க. இத்தொகுதியில் ஒரு பாராளுமன்றத் தேர்தலிலும் வென்றதில்லை, தி.மு.க. 2009இல் ஒருமுறையே வென்றது. 2014ஆம் ஆண்டுக் கணக்கே போதிய சான்று. மாநிலத்தின் 39இல் அ.தி.மு.க. 37 இடங்களை வென்ற அவ்வாண்டு, இங்கே பாரதிய ஜனதா 3,72,906 வாக்குகளோடு முதலாவதாகவும், எவர் துணையுமின்றி நின்ற காங்கிரஸ் 2,44,244 வாக்குகளோடு இரண்டாவதாகவும் வந்தன. அ.தி.மு.க. மூன்றாமிடம், தி.மு.க. நான்காமிடம்.

இதன் வேர் திருவிதாங்கூர்க் காலத்தில் உள்ளது. சென்னை மாகாணத்தில் 1920 முதல் ஜஸ்டிஸ் கட்சியும் காங்கிரஸும் மோதி அரசியல் உருவாகி வந்த நாளில், நாம் மன்னராட்சியின் கீழ் இருந்தோம். நம் பெரியோர் கற்ற அரசியல் வேறு பள்ளிக்கூடத்து அரசியல். 1949இல் தி.மு.க. தோன்றி வளர்ந்தபோது, தமிழுணர்ச்சி என்னும் நெருப்பு இங்கே ஏற்கெனவே நேசமணி அவர்களின் கட்சியில் எரிந்துகொண்டிருந்தது. அந்நெருப்பு பின்னர் காங்கிரஸ் அடுப்பிற் சேர்ந்தது. மேற்கே எல்லை தாண்டினால் காங்கிரஸும் கம்யூனிஸ்டுகளும். அவ்வரசியலின் சாயலும் இங்கே படிந்தது.

மற்றொரு காரணத்தை மறைத்தல் நேர்மையன்று. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு 48க்கு மேற்பட்டோர் இந்துக்கள், 46க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். 1982 மார்ச்சில் நம் ஊருக்கு அண்மையிலுள்ள மண்டைக்காட்டில் எழுந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் அண்டை வீட்டாரை அந்நியராக்கின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை நடந்தது. 1957இல் காங்கிரஸின் சார்பில் வென்ற தாணுலிங்க நாடாரே பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார் என்பது காலத்தின் திருப்பம். 1996இல் தமிழகத்திலேயே முதன்முறையாகப் பாரதிய ஜனதாவின் சட்டசபை உறுப்பினர் ஒருவர் பத்மநாபபுரத்திலிருந்து சென்றார். ஆனாலும் கலவரத்துக்குப் பின் 17 ஆண்டுகள் வரை பாராளுமன்ற இடம் டென்னிஸ் அவர்களிடமே இருந்தது. மதம் ஒன்றே முடிவு செய்வதாயின் அங்ஙனம் நேர்ந்திராது. இரு பக்கத்தும் நிற்கும் அபேட்சகர் பெரும்பாலும் நம் சமூகத்தவராகவே இருத்தலின், வெற்றி தோல்விக்குச் சாதியைக் காரணமாகக் காட்டுதலும் தருக்கத்துக்கு ஒவ்வாது. இருவர்க்கும் பொதுவானது எதுவோ அது இருவரைப் பிரித்துக் காட்டாது.

இனி, தில்லியோடு ஒத்துச் சென்றதனால் நாம் பெற்றது யாது என்று வினவுவோம். ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால் ஊருக்கு நன்மை என்பது பொது நம்பிக்கை. 2014இல் வென்றவர் கப்பல் துறையின் துணை மந்திரியுமானார். 2016 ஜூலையில், நம் குளச்சலை அடுத்த இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய மந்திரி சபை கொள்கையளவில் இசைந்தது. 1741இல் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை முறியடித்த கடற்கரைக்கு மீண்டும் கப்பல்கள் வரும் என்று சிலர் மகிழ்ந்தனர். கரையில் வாழ்வோரோ, வலை விரிக்கும் கடலும் வீடும் பறிபோகும் என்று அஞ்சி எதிர்த்தனர். திட்டம் பின்னர்க் கிழக்கே கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இதனிடையே 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் ஆழ்கடலிற் சென்றிருந்தோரை வாரிச் சென்றது. எச்சரிக்கை உரிய காலத்தில் எட்டவில்லை என்னும் துயரம் கரையூர்கள்தோறும் பேசப்பட்டது. தில்லியில் நம்மவர் மந்திரியாய் இருந்த நாளிலேயே இவ்விரண்டும் நிகழ்ந்தன. 2019இல் தொகுதி மாறி வாக்களித்ததற்கு இவையும் காரணமென்பதே எம் கருத்து. நெருங்கி நிற்பவரிடமே மக்கள் மிகுதியும் கணக்குக் கேட்பர்.

2019இலும் 2024இலும் தமிழ்நாடு சென்ற வழியே நம் தொகுதியும் சென்றது. தில்லி வேறு வழி சென்றது. 1952, 1971, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த மாறுபாடு ஒவ்வொன்றும் அடுத்த பொதுத் தேர்தலிலேயே நேராயிற்று. அடுத்தடுத்த இரண்டு பொதுத் தேர்தல்களில் தில்லியோடு ஒவ்வாது நின்றது, தொகுதி தோன்றிய நாள் முதல் இதுவே முதன்முறை.