கரை என்றால் அழை

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்த களைப்பில் குன்றின்மேல் ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள். குன்றின் உச்சியில் இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, முடியிழந்து மொட்டையாக நிற்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயில். மற்றது, 1904 முதல் ஒளி வீசிவரும் 26 மீட்டர் உயர வட்டக் கற்கோபுரம். பேச்சில் ஒன்று பழைய லைட் ஹவுஸ், மற்றது புது லைட் ஹவுஸ். எழுத்தில் இரண்டுமே கலங்கரை விளக்கம்.

அந்தப் பெயரை வெகுகாலம் நான் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். கலம் என்றால் கப்பல், கரை என்றால் கடற்கரை. ஆகவே கலங்களுக்குக் கரையைக் காட்டும் விளக்கு. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். என்னை உலுக்கியது பெரும்பாணாற்றுப்படை.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. அதில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகப்பட்டினம் வருகிறது. மாமல்லபுரமே அது என்பது அறிஞர் சிலரின் கருத்து. வேறிடம் சொல்வோரும் உண்டு. அங்கே வானை முட்டும் மாடம் ஒன்று. ஏணி சாத்தியிருந்தும் எளிதில் ஏற முடியாத உச்சி. கூரை வேயாத மாடம் என்று புலவர் குறித்துச் சொல்கிறார். கீற்றும் புல்லும் வேய்ந்த இடத்தில் இரவெல்லாம் தீ வளர்க்க முடியுமா? அங்கே மூட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களைக் ‘கரையும்’ என்கிறார். காட்டும் என்றோ ஒளிரும் என்றோ சொல்லவில்லை. கரைதல் என்றால் கூப்பிடுதல். பத்துப்பாட்டுக்கு உரை செய்த நச்சினார்க்கினியரும், திசை தடுமாறி வேறு துறைக்குப் போகும் மரக்கலங்களை ‘இதுதான் நம் துறை’ என்று அழைப்பதாகவே பொருள் கொள்கிறார்.

காகம் கரைகிறது என்று இன்றும் சொல்கிறோமே, அதே கரைதல்தான். காகம் கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கையும் சங்க காலத்திலேயே உண்டு. குறுந்தொகையில் அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டு முற்றத்தில் காகம் விருந்தைக் கூவிச் சொன்னது. துறையில் தீ கலத்தைக் கூவி அழைத்தது. இரண்டு அழைப்புக்கும் ஒரே வினையைக் கொடுத்த மொழியை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கலங்கரை விளக்கத்தில் கடற்கரை, கூப்பிடுதல் என்ற இரண்டு பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்கு இலக்கணமும் ஒரு காரணம். கரை என்பது பெயர்ச்சொல்லானால் பின்வரும் வல்லெழுத்து மிகும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையே பாருங்கள், நடுவே ஒரு ‘க்’ வந்து நிற்கிறது. வினைத்தொகையில் மிகாது, அலைகடல் என்றுதான் சொல்கிறோம். கரைந்த, கரைகின்ற, கரையும் விளக்கம் என மூன்று காலமும் உள்ளடங்கிய கலங்கரை விளக்கமும் வினைத்தொகைதான். ஆனால் ‘விளக்கம்’ வகரத்தில் தொடங்குகிறது, வகரம் மிகாது. பெயரா வினையா என்று காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய எழுத்து அங்கே இல்லாமல் போயிற்று. அது மட்டும் வல்லினமாக இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது.

முழுத்தொடரும் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடலாடு காதையில் இளங்கோவடிகள் புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை அடுக்குகிறார். பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, வேற்றுமொழி பேசுவோர் வீடுகளில் அணையாத விளக்கு. அவற்றோடு ஒன்றாகக் கலங்கரை விளக்கமும் வருகிறது. அங்காடிப் பண்டம்போல எல்லாரும் அறிந்த ஒன்றாக அப்போதே அது இருந்திருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படை அந்த மாடத்துத் தீயை ஞெகிழி என்று சொல்கிறது. கொள்ளித் தீ என்று பொருள். இன்று ஞெகிழி, நெகிழி என்றால் பிளாஸ்டிக். கப்பலை அழைத்த தீயின் பெயர், அதே கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கும் பைகளுக்கும் புட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொல்லாக்கத்தில் பிழையில்லை, நெகிழ்வது நெகிழிதான். ஆனாலும் எனக்கு அது வலிக்கிறது.

ஈழத்தில் வெளிச்சவீடு என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு என்றாலும் அழகான சொல். பருத்தித்துறைக்காரர் வாயில் கேட்டால் அதன் இனிமை தெரியும். ஆனால் அது கட்டடத்துக்கு இட்ட பெயர். கலங்கரை விளக்கமோ செயலுக்கு இட்ட பெயர். சென்னைப் பறக்கும் ரயில் நிலையம் ஒன்றுக்கும், 1965-இல் வந்த எம்.ஜி.ஆர். படத்துக்கும் அந்தப் பெயர் கிடைத்ததால் அது ஏட்டோடு நின்றுவிடவில்லை.

மாமல்லபுரத்தில் பகலில் அழைத்தவை கோபுரங்கள். ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ஏழு கோபுரம் என்ற பொருளில் ‘செவன் பகோடாஸ்’ என்றுதான் அறிந்திருந்தார்கள். கடலிலிருந்து அவர்களுக்கு ஊரின் அடையாளமே கோயில்கள்தான். பிறகு இரவுக்கும் ஒரு கோயிலே உதவியது. 1887-இல் விளக்கேற்ற உயரமான இடம் தேடியவர்கள், ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையைத்தான் தேர்ந்தார்கள். அந்தப் பெயருக்கு உலைபோல் கனலும் கண்ணுடைய ஈசன் என்று பொருள் சொல்வார்கள். கூரை வேயாத மாடம், உச்சியில் தீ. புதுக் கோபுரம் எழுந்தபின் விளக்கு சில எட்டு தள்ளி இடம் மாறியது.

அந்தக் கோபுரத்துக்குள் குறுகிச் சுழலும் படிகளில் மூச்சுவாங்க ஏறியபோது, சங்கப் புலவர் சொன்ன அந்த ஏணிதான் நினைவில் இருந்தது. மேலே உப்புக்காற்று. கீழே மொட்டைக் கூரையோடு பழைய கோயில். கிழக்கே, கரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு ஃபைபர் படகு.