கண்டப் படையும் காகித ஊதியமும்

இறைமாட்சியின் முதற்குறளில் அரசின் உறுப்புக்களை எண்ணப் புகுந்த திருவள்ளுவர் படையை முதற்கண் வைத்தார். அவ்வுறுப்புக்களை அதிகாரங்களாக விரிக்குமிடத்தோ பொருள்செயல்வகையை முன்னும் படைமாட்சியைப் பின்னும் வைத்தார். இம்முறைவைப்பின் காரணம் தனியே ஆராயத்தக்கது. ஈண்டு அதற்குப் புகுந்தோமல்லோம். ஆயினும், புரட்சியிற் பிறந்த அரசுகளின் வரலாற்றைப் பயிலுந்தோறும் இது நம் நினைவுக்கு வருகின்றது. அத்தகைய அரசுக்குப் படை உடனே வேண்டும். பொருளோ அதன் கையில் இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் ஆங்கில அரசை எதிர்த்தெழுந்தபொழுது (1775-1783) அமைத்த கண்டப் படையின் வரலாறு இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாம்.

1775 சூன் 14-ஆம் நாள் கண்டப் பேரவை முதன்முதலாகத் தன் பெயரில் படை திரட்ட ஆணையிட்டது. மறுநாள் வாசிங்டன் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடைநிலை வீரனுக்குத் திங்கள் ஊதியம் 6⅔ டாலர் என்று விதிக்கப்பட்டது. ஊதியத்தை விதித்த அப்பேரவைக்கு ஒரு காசேனும் வரி விதிக்கும் உரிமை இல்லை. ஆகவே, அதே திங்களில் 20 இலட்சம் டாலர் பெறுமான காகிதப் பணத்தை அது வெளியிட்டது. அதனை வரி தண்டி மீட்கும் கடமை பதின்மூன்று மாநிலங்களுக்கும் உரியதாயிற்று. மாநிலங்கள் அக்கடமையை ஆற்றுதற்கு விரைந்தில. இதன்பின் நிகழ்ந்த அல்லல்கள் பலவற்றிற்கும் இதுவே வித்தென்பது நம் கருத்து.

முதலிற் சேர்ந்தோரின் பணிக்காலம் அவ்வாண்டு இறுதியோடு முடிவதாயிருந்தது. நிலைப்படை குடிகளின் உரிமைக்குப் பகை என்னும் அச்சம் அந்நாளில் அங்கே வேரூன்றியிருந்தது. உழவரும் தொழிலாளரும் ஆண்டுக்கணக்கில் வீடு துறந்திருக்க விரும்பாமையும் உண்மை. இதன் விளைவாகப் பாசுடன் நகரை முற்றியிருந்த வாசிங்டன், பகைவரின் கண்ணெதிரிலேயே ஒரு படையைக் கலைத்து மற்றொரு படையைச் சேர்க்க நேர்ந்தது. அடுத்த ஆண்டிலும் இதே நிலை. 1776 திசம்பர் 26-இல் திரென்டன் வெற்றி கிட்டியது. ஐந்து நாளில் வீரர் பலரின் பணிக்காலம் முடிய இருந்தது. இன்னும் ஆறு வாரம் தங்குவோர்க்குப் பத்து டாலர் தருவதாக வாசிங்டன் வாக்களித்தார்.  இராபர்ட்டு மோரிசு என்னும் வணிகர் பிலடெல்பியாவில் பணம் திரட்டி அனுப்ப, அவ்வாக்குக் காப்பாற்றப்பட்டது.

இதற்குள் பேரவையின் எண்ணமும் மாறியிருந்தது. 1776 செப்டம்பர் 16-இல், போர் முடியுமளவும் பணி செய்தற்குரிய 88 பட்டாளங்களை அமைக்க அது முடிவு செய்தது. வர்சீனியாவுக்கும் மாசச்சூசெட்சுக்கும் பதினைந்து பதினைந்து, பெனசில்வேனியாவுக்குப் பன்னிரண்டு, தெலாவேருக்கும் சியார்சியாவுக்கும் ஒவ்வொன்று, இவ்வாறு குடித்தொகை நோக்கிப் பங்கிடப்பட்டது. சேரும் வீரனுக்குச் சேர்க்கைக் கொடையாக 20 டாலரும் போர் முடிவில் 100 ஏக்கர் நிலமும் உறுதி கூறப்பட்டன. பேரவைக்கு அந்நாளில் சொந்த நிலம் ஒரு சாணும் கிடையாது என்பதையும் குறித்தல் வேண்டும். பட்டாளத் தலைவர்களை மாநிலங்களும், தளபதிகளைப் பேரவையும் அமர்த்தின. ஆள் சேர்ப்பது ஒருவர், ஆணையிடுவது மற்றொருவர், ஊதியம் தருவதோ எவர் என்று தெளிவில்லை.

பேரவையின் கொடைக்கு மேல் மாநிலங்களும் ஊர்களும் தத்தம் கொடையைச் சேர்த்து ஒன்றோடொன்று போட்டியிட்டன. முந்திச் சேர்ந்தவன் குறைவாகவும், பிந்திச் சேர்ந்தவன் மிகுதியாகவும் பெற்றான். போர்க்காலம் முழுமைக்கும் ஒப்புவோர் அருகினமையால், மூன்றாண்டு ஒப்பந்தமும் இசையப்பட்டது. 1778-இல் ஊர்ப்படைகளிலிருந்து ஒன்பது திங்களுக்கு ஆள் எடுக்குமாறு மாநிலங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. எடுக்கப்பட்டவன் பணம் கொடுத்துத் தனக்கு மாற்றாள் அனுப்பலாம். அவ்வாண்டிலேயே ரோடு தீவு அரசு, படையிற் சேரும் அடிமைகள் விடுதலை பெறுவர் என்று விதித்து, உடையவர்க்கு ஈடு கொடுக்க முற்பட்டது.

படைப் பட்டியல்களை ஊர்தோறும் ஆராய்ந்த பிற்கால வரலாற்றாசிரியர், நெடுங்காலம் பணி செய்தோருட் பெரும்பாலர் நிலமற்ற இளைஞர், கூலியாளர், புதுக் குடியேறிகள், கறுப்பர் எனக் காட்டியுள்ளனர். இதுகொண்டு இது வெறுங் கூலிப்படையே என்று முடிவு கட்டுவாரும் உளர். நம் உரையாசிரியர் கூறும் அறுவகைப் படையுள் இது கூலிப்படையோ நாட்டுப்படையோ என்று வினவின், இரண்டனுள் ஒன்றாக இதனை அடக்குதல் அரிது என்போம். அதற்குச் சான்று, ஊதியம் வேண்டி அவ்வீரர் கிளர்ந்த நிகழ்ச்சியிலேயே கிடைக்கின்றது.

காகிதப் பணம் பெருகப் பெருக மதிப்பிழந்தது. 1779 செப்டம்பரில், 20 கோடி டாலருக்கு மேல் வெளியிடுவதில்லை என்று பேரவை வரையறுத்தது. அந்த எல்லையை விரைவில் எட்டியும் விட்டது. 1780 மார்ச்சில், நாற்பது காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்கு ஒப்பு எனப் பேரவையே ஒத்துக்கொண்டது. அக்கணக்கில் வீரனின் திங்கள் ஊதியம் ஒரு டாலரில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அச்சுருங்கிய ஊதியமும் பல திங்கள் வந்து சேரவில்லை.

1781 சனவரி முதல் நாள் மோரிசுடவுன் அருகே பெனசில்வேனியப் பட்டாளங்கள் கிளர்ந்தெழுந்தன. அவர்கள் குறை இரண்டு: ஓராண்டு ஊதியம் வரவில்லை, 'மூன்றாண்டு அல்லது போர்க்காலம்' என்னும் ஒப்பந்தத் தொடருக்கு அவர்கள் ஒரு பொருளும் தலைவர்கள் வேறொரு பொருளும் கொண்டனர். சொற்பொருள் ஆராய்ச்சி ஏட்டோடு நில்லாமல் பீரங்கியோடும் தொடர்புறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆங்கிலத் தளபதி கிளிண்டன் அவர்களைத் தம் பக்கம் ஈர்க்க ஆள் விடுத்தார். கிளர்ச்சியாளர் அவ்வொற்றரைப் பற்றி ஒப்படைத்தனர், ஒற்றர் தூக்கிலிடப்பட்டனர். கூலிப்படையாயின் மிகுதியாகத் தருவார் பக்கம் சாய்ந்திருக்கும். இவர்களோ தம் அரசோடு வழக்காடினரேயன்றி அதனைத் துறந்தாரல்லர். பெனசில்வேனிய ஆட்சிக்குழுத் தலைவர் ரீடு நேரிற் சென்று பேசினார். ஒப்பந்தத் தாள் கிடைக்காதவிடத்து வீரனின் ஆணைமொழியே சான்றாகக் கொள்ளப்பட, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். அவருட் பலர் புதிய கொடை பெற்று மீண்டும் சேர்ந்தனர் என்பது நகைக்கத்தக்கதன்று. அவர்கள் வேண்டியது ஒப்பந்தம் மதிக்கப்படுதலே. அத்திங்களிலேயே நியூ செர்சிப் பட்டாளங்களும் இவ்வழியைப் பின்பற்றின.  தலைவர் இருவர் தம் தோழர் கையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டே மோரிசு நிதிக் கண்காணிப்பாளரானார். யார்க்குடவுனை நோக்கிப் படை தெற்கே செல்லும்பொழுது, பிரெஞ்சுப் படையிடம் கடன் வாங்கி, ஒரு திங்கள் ஊதியம் நாணயமாகவே கொடுக்கப்பட்டது. கனெக்டிகட்டு வீரர் சோசப்பு பிளம்பு மார்ட்டின் 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், 1776-க்குப் பின் போர் முடியுமளவும் பணம் என்று சொல்லத்தக்க ஊதியமாகத் தாம் பெற்றது அவ்வொன்றே என எழுதியுள்ளார். பதினைந்தாம் வயதிற் சேர்ந்த அவர் சான்றை நாம் பெரிதும் மதிக்கின்றோம். தளபதியரின் மடல்களிற் காணாத பசி அவர் ஏட்டில் உள்ளது.

படைத்தலைவர் நிலை வேறு. 1780-இல் வாழ்நாள் முழுதும் பாதி ஊதியம் அவர்க்கு வாக்களிக்கப்பட்டது. அதுவும் வாராதென அஞ்சி 1783 மார்ச்சில் நியூபர்க்குப் பாசறையில் அவர்கள் முணுமுணுத்தபொழுது, வாசிங்டன் நேரில் தோன்றி அமைதியுறுத்தினார். ஒரு வாரத்துள் பேரவை அவ்வுரிமையை ஐந்தாண்டு முழு ஊதியமாக மாற்றியளித்தது. கடைநிலை வீரர்க்காக அவ்வாறு பேசுவார் இலர். சூன் திங்களில் அவர்கள் விடுப்பு என்னும் பெயரால் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மூன்று திங்கள் ஊதியத்திற்கு மோரிசின் கையொப்பமிட்ட சீட்டுக்கள், எஞ்சியதற்குப் பின்னர்க் கடன்சீட்டுக்கள். வழிச்செலவுக்கும் உணவுக்குமாகப் பலர் அவற்றை முகமதிப்பின் சிறு பங்குக்கு விற்றனர். 1790-இல் ஆமில்டன் திட்டப்படி அரசு அக்கடனை ஏற்றபொழுது, பயன் சீட்டை வைத்திருந்தவர்க்கே சென்றது. முதலிற் பெற்ற வீரர்க்கும் ஒரு பங்கு வேண்டுமென்ற மாடிசன் தீர்மானம் 36-க்கு 13 என்னும் வாக்கில் தோற்றது. சீட்டு யார் யார் கை மாறியது என்று கண்டறிதல் அரிது என ஆமில்டன் தரப்பார் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், பட்டாளப் பதிவேடுகளில் வீரர் பெயர் இருந்ததும் உண்மையே.

1818-இல்தான் வறுமையுற்ற பழைய வீரர்க்குத் திங்கள் 8 டாலர் உதவி சட்டமாயிற்று. ஈராண்டில் விண்ணப்பங்கள் மிகவே, ஒவ்வொருவரும் தம் உடைமைப் பட்டியலை நீதிமன்றத்தில் ஆணையிட்டு ஒப்புவித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. மார்ட்டினும் மெயின் மாநிலத்தில் அவ்வாறு ஒப்புவித்தார். நிலம் ஏதுமில்லை, கால்நடைகள் சிலவே அவர் எழுதிக்கொடுத்த உடைமை.