எண்ணப்படாத அடிகள்

மாசிமகத் தேர்த் திருவிழாவின்போது மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவில் வீதியில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் பணிபுரிபவர். மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டியைப் பார்த்துவிட்டு, அன்று தாம் 14,000 அடிகள் நடந்துவிட்டதாகப் பெருமையோடு கூறினார். அவர் நின்ற வீதியோ, எவரும் எண்ணாத கோடானுகோடி அடிகள் பதிந்த வடக்குப் பாதை.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை, நாலந்தை வழியே 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை நீண்டது. அதன் பின்னர் நடைப் பயணம் பழங்கதையாயிற்று.

தோட்டத்தில் தொழிலாளியின் உழைப்பை அளக்க ஒரேயொரு கருவிதான் இருந்தது: கொழுந்து நிறுக்கும் தராசு. குறித்த நிறை தேறாத பெண்ணுக்கு அரைப்பெயர். கூடவே 'சோம்பேறி' என்ற வசை. அவள் ஏன் களைத்தாள் என்பதைத் தராசு சொல்லாது.

உடலில் அணிந்து நடையை எண்ணும் கருவியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர்கள் யப்பானியர். 1965இல் அங்கு விற்பனைக்கு வந்த கருவியின் பெயர் 'மன்போ-கேய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். இன்று உலகமே ஓதும் 10,000 அடி என்ற இலக்கு அந்த வணிகப் பெயரிலிருந்து பரவியதேயன்றி, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. ஆயினும், மனிதரின் அன்றாட அசைவை அளந்து பார்க்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்த எண்ணம் நமது மலையகத்துக்கும் வந்தது என்பதைப் பலர் அறியார். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1979இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' சஞ்சிகையில் வெளியானது. அமெரிக்க ஆய்வாளர் ரெஜி எட்ஜர்டன் முதலானோருடன், பின்னாளில் தமிழர் உரிமைக்காகக் குரல் கொடுத்த மருத்துவர் பிரையன் செனவிரத்னவும் அதில் பங்கேற்றார்.

ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தனர். பறித்த கொழுந்தை நிறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தொழிலாளரின் அன்றாடச் சூழலிலேயே அவர்களது உடல் அசைவைச் சிலரிடம் 4 மணி நேரமும், சிலரிடம் 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்தனர். மூன்று வாரங்களில் இரும்புச்சத்துப் பெற்றோரின் அசைவு மற்றவரைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதல் கொழுந்து பறித்தனர். ஒரு டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஈமோகுளோபின் இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆரோக்கியமான பெண்ணிடம் இது 12க்குக் குறையாதிருக்க வேண்டும்.

சோம்பல் என்று ஏசப்பட்டது குருதிச்சோகையாக இருக்கலாம் என்பதற்கு அறிவியல் சான்று கிடைத்தது அப்போதுதான். தராசு குற்றஞ்சாட்டியது, உடலசைவின் பதிவு அவளுக்காகச் சாட்சி சொன்னது.

இன்றைய பட்டிகளுக்குள் முடுக்கத்தை உணரும் நுண்ணிய சில்லு இருக்கிறது. நடையை அது நன்றாக எண்ணும். ஆனால் சரிவில் கால் ஊன்றி நின்று, முதுகில் சுமையோடு இரு கைகளாலும் பறிப்பவளின் உழைப்பை அடிக்கணக்கு காட்டாது. நாளை அத்தகைய பட்டி தோட்டத்துக்கும் வரக்கூடும். அதன் கணக்கு அரைப்பெயர் போடுபவரின் கைக்குச் செல்லுமா, மருத்துவரின் கைக்குச் செல்லுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த இளைஞரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அம்மாவுக்கு ஒரு தடவை இரத்தம் சோதிச்சுப் பார்க்கணும், ஐயா" என்றார்.