நோயாளர் உரிமைகளும் பொறுப்புகளும் (இந்தியா)

இந்தியாவில் நோயாளர் உரிமைகள் என்பவை சிகிச்சை பெறுவோருக்குச் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அளிக்கும் பாதுகாப்புகள் ஆகும்.

அவசர சிகிச்சை

விபத்தில் காயமுற்றவருக்குச் சிகிச்சையளிப்பதைக் காவல்துறை நடைமுறைகளுக்காகத் தாமதிக்கக்கூடாது என 1989 இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கடமை அரசு, தனியார் மருத்துவர் அனைவருக்கும் உரியது. அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையே இதன் அடிப்படையாகும்.

ஒப்புதலும் ஆவணங்களும்

சிகிச்சையின் தன்மை, தீங்குகள், மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கிய பின்னரே ஒப்புதல் பெறவேண்டும். உயிராபத்து இல்லாதபோது, பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல் அறுவைச் சிகிச்சைக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2008 இல் கூறியது. மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் வழங்கவேண்டும் என்கின்றன 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்.

பொறுப்புகள்

முந்தைய நோய்கள், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுவது நோயாளரின் முதன்மைப் பொறுப்பாகும்.